ராசியான வாஷரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரவுப்பறவை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது அத்தியாயம் நன்றாக ஓடியது, பத்தாவதில் வண்டி நின்றுவிட்டது. நாயகன் முருகேசன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வயது 46, சர்வீஸ் 20 வருடம், பேச்சு குறைவு, தூக்கம் அதைவிடக் குறைவு.

வெறும் ஓட்டுநராக இருந்தால் சப்பென்று இருக்கிறதே என்று அவரைச் சென்டிமென்ட் பார்க்கிற ஆளாக ஆக்கினேன். வண்டிச் சாவிக்கொத்தில் ஒரு பித்தளை வாஷர் தொங்கும். அது இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எழுத எழுதக் கை ஊறியது. வலது காலை வைத்துத்தான் ஏறுவார், 13ஆம் தேதி என்றால் முகம் சுருங்கும், அப்புறம் கறுப்புப் பூனை, உடைந்த கண்ணாடி, வெள்ளிக்கிழமை என்று ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது. முதலில் படித்த என் தோழி பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "இந்த மனுஷன் இவ்வளவையும் பார்த்து முடிப்பதற்குள் உள்ளே படுத்திருப்பவர் போய்ச் சேர்ந்துவிடுவார்." சிரித்தேன். அப்புறம் நான்கு நாள் எழுதவில்லை.

ஒரு மாதிரி வேண்டுமானால் இதோ, மூன்றாம் அத்தியாயத்திலிருந்து:

"முருகேசன் வாஷரைத் தொட்டுக் கண்ணை மூடினார். அது தனக்கு அதிர்ஷ்டத்தைக் கொண்டுவரும் என்று அவர் உறுதியாக நம்பினார்."

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது.

கேட்க விரும்புவது மூன்று. இந்தக் குணம் ஏன் ஆளோடு ஒட்டாமல் சட்டைமேல் குத்திய பேட்ஜ் மாதிரி நிற்கிறது? எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை இல்லை. அதனால் எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினாலும் முருகேசன் கொஞ்சம் மக்காகத் தெரிகிறார், இதை எப்படிச் சரிசெய்வது? கடைசியாக, கிளைமாக்ஸில் வாஷர் தொலைந்துபோவதாகத் திட்டம். தொலைந்த பிறகு நல்லது நடக்க வேண்டுமா, கெட்டது நடக்க வேண்டுமா? அதாவது, வாஷர் வேலை செய்கிறதா இல்லையா?

சும்மா வந்தவன் எழுதியது:

எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள், வாஷர் உட்பட.

நான் எழுதுகிறவன் இல்லை, வாசகன். என் அனுபவத்தில், முதல் அத்தியாயத்தில் ஒரு ராசியான பொருளைக் காட்டினால் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அது கண்டிப்பாகத் தொலையும். நாயகன் பதறுவான். பிறகு அது இல்லாமலேயே ஜெயித்துவிட்டு, 'ராசி என் கையில்தான் இருந்திருக்கிறது' என்று புரிந்துகொள்வான். இதை எத்தனை தடவை படிப்பது? உங்கள் வாஷரைப் பார்த்ததுமே அது எந்தச் சாக்கடையில் விழும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்னொன்று. நிஜத்தில் நடப்பதைக் கதையில் நடத்த முடியாது. நிலவுக்குப் போன அப்பல்லோ 13 விண்கலம் கிளம்பியபோது ஹூஸ்டன் நேரம் 13 மணி 13 நிமிடம். ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் அங்கே 1970 ஏப்ரல் 13. இதை நீங்கள் நாவலில் எழுதினால் "ரொம்ப ஓவர்" என்று நானே புத்தகத்தை மூடிவைப்பேன்.

கால்புள்ளி எழுதியது:

பல வருடம் சிறுகதைகளுக்கு மெய்ப்புப் பார்த்து, அப்படியே எடிட்டிங்குக்கு வந்தவன் நான். ராசியான மோதிரம், ராசியான சட்டை, ராசியான செருப்பு எல்லாம் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. சும்மா வந்தவன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் போகட்டும். வாஷர் இருக்கட்டும்.

பூனையும் 13ம் ஊருக்கெல்லாம் பொது. யார் தலையிலும் வைக்கலாம், அதனால்தான் முருகேசன் தலையில் நிற்கவில்லை. ட்ரூமன் கபோட்டி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1957இல் வெளிவந்த ஒரு பேட்டியில் தன்னுடைய சென்டிமென்ட்களை அடுக்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை எதையும் தொடங்கவும் மாட்டார், முடிக்கவும் மாட்டார். ஒரே சாம்பல் கிண்ணத்தில் மூன்று சிகரெட் துண்டுகள் கிடக்கக் கூடாது. மூன்று கன்னிகாஸ்திரிகள் இருக்கும் விமானத்தில் ஏற மாட்டார். வெள்ளிக்கிழமையை நாளைக்கே மறந்துவிடுவீர்கள். சிகரெட் துண்டு மறக்காது. யார் வீட்டு விருந்திலாவது கிண்ணத்தில் மூன்றாவது துண்டு விழுந்தால் மனுஷர் என்ன செய்திருப்பார் என்று நம் மனசு தானாகவே ஒரு காட்சியை ஓட்ட ஆரம்பிக்கிறது பாருங்கள், அதற்குப் பெயர்தான் குணச்சித்திரம். வாஷரும் அந்த ஜாதி. யாரும் வாஷரை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. நல்ல தேர்வு.

ஆனால் அதைத் தவறான இடத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் உலகப்போர் நடந்த வருடங்களில் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். கரையை ஒட்டிய காயலில் மீன்பிடிப்பவர்கள் எந்த மந்திரச் சடங்கும் செய்யாததைக் கவனித்தார். அங்கே ஆபத்து இல்லை, மீன் கிடைப்பதும் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகிறவர்களுக்கோ சடங்குமேல் சடங்கு. ஜார்ஜ் கிமெல்ச் என்று இன்னொருவர், பேஸ்பால் ஆடிவிட்டு மானுடவியலுக்கு வந்தவர், 1971இல் இதையே ஆட்டக்களத்தில் காட்டினார். வீரர்களின் சென்டிமென்ட் எல்லாம் பந்து வீசுவதையும் மட்டையால் அடிப்பதையும் சுற்றித்தான். களத்தில் நின்று பந்தைப் பிடிக்கிற வேலைக்கு அநேகமாக எதுவும் கிடையாது. மிக நல்ல மட்டையாளரே பத்துக்கு ஏழு தடவை தோற்பார். பந்து பிடிப்பவர் தவறவிடுவது அபூர்வம். கைக்கு அடங்கின வேலைக்கு ராசி தேவைப்படுவதில்லை.

இப்போது முருகேசனைப் பாருங்கள். 20 வருடம் ஓட்டியவர். வண்டி ஓட்டுவது அவருக்குக் காயல் மாதிரி. எந்தச் சந்தில் திரும்பினால் எவ்வளவு நேரம் மிச்சம் என்பது விரல் நுனியில் இருக்கும். அவர் எதற்குச் சாவியைத் திருகும்போது வாஷரைத் தொட வேண்டும்? அவருடைய திறந்த கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்ப் பின்கதவு சாத்தும் சத்தம் கேட்கிறதே, அந்த நொடியிலிருந்து உள்ளே நடப்பது எதுவும் அவர் கையில் இல்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது. கை வாஷருக்குப் போக வேண்டிய இடம் அது. காலி வண்டியைப் பெட்ரோல் போட எடுத்துப் போகும்போது தொடவே மாட்டார். இந்த ஒரு வித்தியாசத்தை இரண்டு காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், 'அவர் உறுதியாக நம்பினார்' என்ற வாக்கியத்துக்கு வேலையே இருக்காது.

வாஷர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. யோசித்தீர்களோ இல்லையோ, தயவுசெய்து 'அப்பா சாகும்போது கொடுத்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். அது நினைவுப்பொருள், வேறு கதை. ராசி அற்பமான இடத்தில்தான் பிறக்கும். 1948இல் உளவியலாளர் ஸ்கின்னர் எட்டுப் புறாக்களைப் பசியோடு கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சேட்டையைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, இன்னொன்று கூண்டின் மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டி நீட்டி இழுத்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே பிடித்துக்கொண்டது என்பது ஸ்கின்னரின் கணக்கு. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கோடு சண்டை போட்டார்கள், அது அவர்கள் பாடு. நமக்கு அந்தப் புறா போதும். முருகேசன் ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ மாட்டியிருக்கிறார், ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது, தூக்கிப்போட நேரமில்லாமல் சட்டைப்பையில் போட்டபோது அழைப்பு வந்தது. அன்றைக்குப் பிழைக்கவே மாட்டார் என்று ஏற்றிய ஆள் பிழைத்துவிட்டார். இவ்வளவுதான். இதை வாசகருக்குச் சொல்லக்கூட வேண்டாம், நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.

இரண்டாவது கேள்வி, ஆள் மக்காகத் தெரிவது. உங்கள் பிரதியில் 'மூடநம்பிக்கை' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, முதல் இரண்டெழுத்திலேயே. உலகத்தில் எவனும் 'எனக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு' என்று சொல்ல மாட்டான். 'எனக்கு ஒரு ராசி', 'சும்மா ஒரு சென்டிமென்ட்', 'பழக்கமாயிடுச்சு', அதிகம் அழுத்திக் கேட்டால் 'இருந்துட்டுப் போகுதே, உனக்கென்ன?' மற்றவன் வைத்திருப்பதுதான் மூடநம்பிக்கை. முருகேசனின் மனசுக்குள் நின்று எழுதும் பக்கங்களில் அவர் சொல்லையே பயன்படுத்துங்கள்.

தவிர, கூச்சம். 20 வருடம் ரத்தத்தைப் பார்த்த மனிதருக்கு ஒரு வாஷரைத் தொடுவது வெட்கமாக இருக்காதா? சாவியைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்வார். யாராவது பார்த்துவிட்டால் கொத்தைக் குலுக்குவார். நம்பிக்கையைவிட அதை மறைக்கிற விதத்தில்தான் ஆள் தெரிவான்.

இரவுப்பறவை எழுதியது:

கால்புள்ளி, பின்கதவுச் சத்தம் என்ற இடத்தில் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன். நன்றி. 'மூடநம்பிக்கை' 11 இடத்தில் இருக்கிறது. ஒன்று முருகேசனே சொல்கிறார், தன்னைப் பற்றி. மன்னிக்கவும்.

ஒரு வாக்குமூலமும் கொடுக்க வேண்டும். எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை என்று மேலே பெருமையாக எழுதினேன், அது பொய். என் முதல் சிறுகதையைத் தேறாது என்று நினைத்து 'தூக்கிப்போட' என்ற பெயரில் சேமித்திருந்தேன். கடைசி நேரத்தில் வேறு எதுவும் கையில் இல்லாமல் அதையே அனுப்ப, பிரசுரமாகிவிட்டது. அன்றிலிருந்து எல்லாக் கதையும் தூக்கிப்போட_2, தூக்கிப்போட_3 என்றுதான். நாவலின் கோப்பு தூக்கிப்போட_14. நீங்கள் புறாவைப் பற்றி எழுதியதைப் படிக்கும்வரை இதை நான் ஒரு சென்டிமென்டாக நினைத்ததே இல்லை, 'சோம்பேறித்தனம்' என்று வைத்திருந்தேன். 12க்கு அப்புறம் நேராக 14. ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. வாஷர் தொலைந்து கெட்டது நடந்தால் நான் ராசியை ஆதரிக்கிறேன் என்பார்கள். நல்லது நடந்தால் சும்மா வந்தவன் புத்தகத்தை மூடிவைப்பார்.

சும்மா வந்தவன் எழுதியது:

மூடித்தான் வைப்பேன். ஆனால் 12க்கு அப்புறம் 14 என்பதற்காக உங்களை மன்னிக்கிறேன், உங்களுக்குப் பெரிய ஆள் துணை இருக்கிறது. இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்குக்கு 13 என்றால் நடுக்கம். மோசஸும் ஆரோனும் வருகிற அவருடைய ஓபராவின் ஜெர்மன் தலைப்பை வழக்கமான எழுத்துக்கூட்டலில் எழுதினால் 13 எழுத்து. ஆரோன் பெயரில் ஓர் 'அ'வைக் கழற்றி 12 ஆக்கினார். பிறந்தது 1874 செப்டம்பர் 13. இறந்தது 1951 ஜூலை 13, வெள்ளிக்கிழமை. இதையும் நாவலில் எழுத முடியாது.

அந்த 'அ'வைக் கழற்றியது மட்டும் எழுதலாம் என்று தோன்றுகிறது. கொஞ்சம் மனம் மாறியிருக்கிறேன்.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

நான் அவசரப் பிரிவில் நர்ஸ். இலக்கியம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

எங்கள் பிரிவில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை இருக்கிறது. "அமைதியா இருக்கு." எந்த ஊர் எந்த நாட்டு அவசரப் பிரிவில் வேலை பார்த்தவரிடமும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் மொழியில் இதே வார்த்தை இருக்கும். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் இரவு இரண்டு மணிக்குச் சோம்பல் முறித்துக்கொண்டு, "என்ன சிஸ்டர், இன்னைக்கு அமைதியா இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குக் கூட்டம் வந்ததா என்றால், வந்தது. வராத நாட்கள் எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. இது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டோம்.

நான் கவனித்த வரையில், எங்கள் மாதிரி வேலையில் பொருளை வைத்துக்கொள்வதைவிட எதையாவது செய்யாமல் இருப்பதுதான் அதிகம். ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநரை வருடக்கணக்காகத் தெரியும். ஆளைக் கொண்டுவந்து விடுவார், பேப்பரில் கையெழுத்து வாங்குவார், போய்விடுவார். பிழைத்தாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதலில் கல்நெஞ்சு என்று நினைத்தேன். ஒருநாள் நானாக, "அண்ணே, நேத்து நீங்க கொண்டுவந்த அம்மா..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "சொல்லாதீங்கம்மா. நான் விட்டுட்டுப் போகும்போது மூச்சு இருந்துச்சு. எனக்கு அது போதும்." கேட்டால் ராசி போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு தொழில் விஷயம். ஷிப்ட் முடிந்தால் வண்டிச் சாவியை அடுத்த ஓட்டுநரிடம் கொடுத்தாக வேண்டும். உங்கள் முருகேசன் வாஷரைச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தால் அது வண்டியோடு போய்விடுமே? தினமும் கழற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். அதுவும் இன்னொரு ஆள் முன்னால்.

கால்புள்ளி எழுதியது:

சிஸ்டர், நான் எழுதிய அத்தனையையும் எடுத்துவிட்டு உங்கள் கடைசிப் பத்தியை வைத்துக்கொள்ளலாம்.

இரவுப்பறவை, உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கதவு அங்கேதான் இருக்கிறது. வாஷர் தொலைய வேண்டாம். தினமும் கழற்றுவதை ஒருவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான் அல்லவா? நம்பாதவர்கள் கூடும் இடத்தில்கூட ராசி தொற்றிக்கொள்ளும். நிலவைப் படம் எடுக்க அமெரிக்கா அனுப்பிய ரேஞ்சர் விண்கலங்கள் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாகக் கைவிட்டன. 1964 ஜூலையில் ஏழாவது வெற்றி பெற்றபோது கட்டுப்பாட்டு அறையில் யாரோ வேர்க்கடலையை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கலங்களை இயக்கிய ஆய்வகத்தில் முக்கியமான நாள் என்றால் கடலை வந்துவிடும். எல்லாம் கணக்குப் போட்டே வாழ்கிற பொறியாளர்கள். கடலையால்தான் கலம் இறங்கியது என்று ஒருவரும் சொல்ல மாட்டார், கடலை இல்லாமல் இறக்கிப் பார்க்கலாம் என்றும் ஒருவரும் சொல்ல மாட்டார்.

வேலை செய்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் பொறுப்பில்லை. விஞ்ஞானமே இதில் ஒரு தடவை தடுமாறியிருக்கிறது. 2010இல் ஜெர்மனியில் 28 பேரைக் கோல்ஃப் பந்து தட்டச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும் 'இது ராசியான பந்து' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பத்துக்குச் சராசரியாக 6.42 தடவை குழியில் போட்டார்கள், மற்றவர்கள் 4.75. பத்திரிகைகள் கொண்டாடின. 2014இல் அமெரிக்காவில் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. உங்கள் நாவலில் இந்த இரண்டு ஆய்வுக்கும் நடுவில் நில்லுங்கள், போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் வாஷர் இல்லாத ஒரு காரணமும் இருக்கட்டும். வாசகர் எதை எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் சௌகரியம்.

இரவுப்பறவை எழுதியது:

இரண்டு நாள் ஆனது. பத்தாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி இதோ. திட்டுவதற்குத் தயாராக இருக்கிறேன்.

"தினேஷ் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தான். முருகேசன் இறங்கி, கிலோமீட்டரைக் குறித்து, ஆக்சிஜன் சிலிண்டரின் அளவைக் காட்டினார். பிறகு வழக்கம்போல் வண்டியின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, சாவிக்கொத்தின் வளையத்தை நகத்தால் நெம்பினார். இரண்டு வருடமாக இந்த வளையம் இறுகிக்கொண்டே வருகிறது.

'அண்ணே.'

'ம்.'

'அது இருக்கட்டுமே.'

முருகேசன் திரும்பவில்லை. 'எது?'

'வாஷர்தான். போன வாரம் ஒரு ராத்திரி மறந்து வெச்சிட்டுப் போனீங்கள்ல. மூணு கேஸ். மூணும் உசிரோட இறக்கினேன்.' கொஞ்சம் நிறுத்தி, 'ரோடும் காலியாத்தான் இருந்துச்சு' என்றான்.

நகம் வளையத்துக்குள் பாதி போயிருந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் கைலிமடிப்பை மூன்று தடவை உதறிப் பார்த்தது, பேண்ட் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தது எல்லாம் ஞாபகம் வந்தது. விடியும்வரை தூங்கவில்லை. அன்றைக்கு வண்டியில் ஏறியவர்கள் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது.

நகத்தை எடுத்தார். சாவியை நீட்டினார்.

'இண்டிகேட்டர் ஒண்ணு மினுக்மினுக்குங்குது. பாத்துக்க.'

தெருமுனை வரை நடந்த பிறகுதான் கை தானாகப் பைக்குள் போனது. நம்பிக்கை என்பது தொலைந்துபோவதில்லை, கைமாறுகிறது என்று அவருக்குப் புரிந்தது."

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

சிலிண்டர் அளவைக் காட்டியது சரி. ஸ்ட்ரெச்சர் பூட்டையும் ஒருதடவை ஆட்டிப் பார்ப்பார்கள், வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ரோடும் காலியாத்தான் இருந்துச்சு' என்று அந்தப் பையன் தானாகச் சொல்கிறான் பாருங்கள், எங்கள் வார்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம்.

சும்மா வந்தவன் எழுதியது:

நாளைக்கு முருகேசன் வாஷர் இல்லாமல் வேலைக்கு வருவாரா, இல்லை பழைய வண்டிச் சாமான் டப்பாவில் இன்னொரு வாஷர் தேடுவாரா? இது எனக்குத் தெரிந்தாக வேண்டும். சாக்கடையில் போடவில்லை, நன்றி.

கால்புள்ளி எழுதியது:

'கை தானாகப் பைக்குள் போனது.' அங்கே முற்றுப்புள்ளி. அதற்கு அடுத்த வாக்கியம் முருகேசனுடையது இல்லை, உங்களுடையது. எடுத்துவிடுங்கள். 'இரண்டு வருடமாக இந்த வளையம் இறுகிக்கொண்டே வருகிறது' என்பதில் 'இந்த' வேண்டாம். மற்றதில் கை வைக்க மாட்டேன்.

இரவுப்பறவை எழுதியது:

எடுத்துவிட்டேன். 'இந்த'வும் போயிற்று. ஸ்ட்ரெச்சர் பூட்டு சேர்ந்தது. 'மூடநம்பிக்கை' இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது, முருகேசனின் மகள் கோபத்தில் சொல்கிறாள், அது இருக்கட்டும்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் அவர் சாமான் டப்பாவைத் திறக்கிறார். அதற்கு மேல் எனக்கே இன்னும் தெரியாது. கோப்பின் பெயரை 'முருகேசன்' என்று மாற்றலாமா என்று நேற்று அரைமணி நேரம் யோசித்தேன். மாற்றவில்லை.